எலும்பு தானா நகராது, தசைக்குத் தள்ளத் தெரியாது

கேள்வி இதுதான்: "என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. எலும்பு இவ்ளோ கெட்டியா இருக்கே, அப்புறம் கை எப்படி மடங்குது, சதை எலும்பைத் தள்ளுதா இல்ல இழுக்குதான்னு கேட்டா. எலும்பும் தசையும் சேர்ந்துதான் அசைவு வருதுன்னு சொன்னேன், அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

உங்க பொண்ணு கேட்டதுல அந்த "தள்ளுதா இழுக்குதா"ங்கிற துண்டு இருக்கு பாருங்க, மொத்த விஷயமும் அதுக்குள்ளதான் இருக்கு. நான் பிசியோதெரபிஸ்ட், பதினாறு வருஷமா கை கால் அசையாதவங்களை அசைய வைக்கிறதுதான் வேலை, இந்தக் கேள்வியை ஒரு பெரியவங்க கூட என்கிட்ட கேட்டதில்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், அவளையும் பக்கத்துல உக்கார வச்சு படிங்க.

முதல்ல கோழிக்கால். எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை கோழி வாங்கினா அந்த மஞ்சள் காலை வெட்டி எடுத்ததும் அதை யார் வாங்குறதுன்னு எங்களுக்குள்ள சண்டையே நடக்கும். வெட்டின இடத்துல பாத்தா வெள்ளையா பளபளன்னு நூல் மாதிரி சில இழை தெரியும், பின்பக்கம் இருக்கிற ஒரு இழையை நகத்தால பிடிச்சு இழுத்தா கோழி விரல் எல்லாம் மடங்கி எதையோ கவ்வுற மாதிரி மூடும், விட்டா தளர்ந்துடும், முன்பக்க இழையை இழுத்தா விரல் நிமிரும். செத்துப்போன கால், அதுல உயிரும் இல்ல நரம்புக் கட்டளையும் இல்ல, ஆனாலும் அசையுது, ஏன்னா சதை செய்ய வேண்டிய வேலையை நம்ம விரல் செய்யுது. சதையோட வேலை அவ்வளவுதான், இழுக்கிறது. உங்க வீட்ல கறி சாப்பிடுவீங்கன்னா அடுத்த தடவை கடைக்காரர்கிட்ட கேட்டு ஒரு கால் வாங்கிட்டு வந்து அவ கையில குடுங்க, எந்தப் படமும் அதுக்கு ஈடாகாது.

அந்த வெள்ளை இழையை நாம சாதாரணமா "நரம்பு"ன்னுதான் சொல்றோம், இங்க ஒரு குழப்பத்தை சரி பண்ணிக்கலாம். நம்ம பேச்சுல கையில பச்சையா ஓடுறதும் நரம்பு, சுளுக்கினா "நரம்பு பிசகிடுச்சு", கால் மரத்துப் போனாலும் நரம்பு. உண்மையில இதெல்லாம் வேற வேற பொருள். பச்சையா தெரியுறது ரத்தக்குழாய். மூளையில இருந்து சேதி கொண்டு போற ஒயர் மாதிரியான ஒண்ணுதான் நிஜ நரம்பு. சதையோட நுனி இறுகி கயிறு மாதிரி ஆகி எலும்புல போய் ஒட்டுது பாருங்க, கோழிக்கால்ல நாம இழுத்தது, அது தசைநாண், டெண்டன். குதிகாலுக்கு மேல பின்னாடி தடவிப் பாத்தா தடியா ஒரு கயிறு கைக்குத் தட்டுப்படும், உடம்புலேயே பெரிய டெண்டன் அதுதான். இன்னொண்ணு இருக்கு, எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டி வச்சிருக்கிறது, லிகமென்ட், கணுக்கால் பிரண்டு வீங்கினா பெரும்பாலும் அடிபட்டிருக்கிறது அதுதான். என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் "நரம்பு கட்"னு சொல்லிட்டே வருவாங்க, எந்த நரம்பைச் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்.

இப்ப கைக்கு வருவோம். ஒரு டேபிள் முன்னாடி உக்காந்து வலது உள்ளங்கையை மேல பாத்த மாதிரி டேபிளுக்கு அடியில வச்சு டேபிளைத் தூக்கப் பாருங்க, இடது கையால வலது மேற்கையைத் தொட்டுப் பாத்தா முன்பக்க சதை கல்லு மாதிரி இருக்கும், பின்பக்கம் தொளதொளன்னு இருக்கும். முன்பக்கம் இருக்கிறது பைசெப்ஸ். இப்ப கையை டேபிள் மேல வச்சு கீழ அழுத்துங்க, முன்பக்கம் தளர்ந்து பின்பக்கம் கெட்டியாகும், அது ட்ரைசெப்ஸ். பாக்குறவங்களுக்கு கை தள்ளுற மாதிரி தெரியும், ஆனா உள்ள நடக்கிறது இழுக்கிறதுதான். எப்படின்னா முழங்கையில பின்னாடி கூரா ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்கில்ல, ட்ரைசெப்ஸ் அந்தக் கூர்ல போய் ஒட்டிருக்கு, அது மேல இழுத்தா முழங்கை மூட்டை மையமா வச்சு கை அந்தப் பக்கம் நீளும். கிணத்துல ஏத்தம் இறைக்கிறதை பாத்தவங்களுக்கு சட்டுன்னு புரியும், மரத்தோட பின்பக்கம் கீழ போனா முன்பக்கம் மேல போகும்.

கோயில் தேரை நினைச்சுக்கோங்க. வடத்தைப் பிடிச்சு முன்னாடி இழுக்கலாம், எவ்வளவு பேர் சேர்ந்தாலும் அதே வடத்தை வச்சு தேரைப் பின்னாடி தள்ள முடியாது. தேர் பின்னாடி வரணும்னா பின்பக்கம் வடம் கட்டி அந்தப் பக்கத்துல இருந்து யாராவது இழுக்கணும். தசையும் அப்படித்தான். அதனாலதான் ஒரு மூட்டுக்கு ஒரு தசைன்னு வைக்காம எதிரும் புதிருமா ஜோடி ஜோடியா வச்சிருக்கு. மடக்க ஒண்ணு, நிமித்த ஒண்ணு. நம்ம உடம்புல 206 எலும்பு, அதை அசைக்க 600க்கும் மேல தசை இருக்குன்னு சொல்லுவாங்க, அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல ஏன் இவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சா பாதி பதில் இதுதான்.

அப்புறம் எலும்பு வளையுதான்னா, இல்ல, மடங்குறது மூட்டு. ரெண்டு எலும்பு சந்திக்கிற இடத்துல நுனியில வழவழன்னு குருத்தெலும்பு பூசியிருக்கும், நடுவுல முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி ஒரு திரவம், ரெண்டும் சேந்து உராய்வே இல்லாத மாதிரி வழுக்கி விடும். முழங்கை கதவுக் கீல் மாதிரி ஒரே திசைல மடங்கும், தோள்பட்டை கிண்ணத்துல உருண்டை வச்ச மாதிரி எல்லாப் பக்கமும் சுத்தும், ஆனா அந்தக் கிண்ணம் ரொம்ப ஆழமில்லாததால தோள்தான் சுலபமா நழுவியும் போகும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு, அதை விட மனசில்ல. அஞ்சு கிலோ அரிசிப் பையை கையில பிடிச்சு முழங்கையை தொண்ணூறு டிகிரில மடக்கி நிக்கிறீங்கன்னு வைங்க. பைசெப்ஸ் எவ்வளவு பலத்துல இழுக்கும்? அஞ்சு கிலோன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா பைசெப்ஸ் போய் ஒட்டுற இடம் முழங்கை மூட்டுல இருந்து வெறும் அஞ்சு சென்டிமீட்டர் போலத்தான், பை தொங்குறதோ சுமார் முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் தள்ளி. ஏழு மடங்கு தூரம். அப்ப தசை ஏழு மடங்கு பலம் போடணும், 35 கிலோ, கையோட சொந்த எடையைச் சேக்காமலே. மேல 35 இழுக்குது, கீழ பை 5 இழுக்குது, மிச்சம் 30 கிலோ அழுத்தம் எங்க போகும்? முழங்கை மூட்டுல போய் எலும்பு மேல எலும்பா உக்காருது. நாம தூக்குற எடையை விட நம்ம மூட்டு தாங்குற எடை பல மடங்கு ஜாஸ்தி. இத்தாலிக்காரர் போரெல்லின்னு ஒருத்தர், இந்த மாதிரி உடம்பை நெம்புகோலா பாத்து கணக்குப் போட்டவர், அவர் புத்தகம் அவர் இறந்த மறு வருஷம் 1680ல வெளிய வந்துச்சு. அதுவரைக்கும் தசை கொஞ்ச பலத்தால பெரிய எடையைத் தூக்குதுன்னுதான் நினைச்சிட்டு இருந்தாங்க, இவர் அதைத் தலைகீழா திருப்பிப் போட்டார்.

ஏன் இவ்வளவு நஷ்டமான இடத்துல ஒட்ட வச்சிருக்குன்னு தோணும். கொஞ்சம் திருப்பிப் பாத்தா புரியும். தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினா கை ஏழு சென்டிமீட்டர் நகரும், அதுவும் அதே நேரத்துல. பலத்தைக் குடுத்து வேகத்தையும் தூரத்தையும் வாங்கிக்குது. தசை தன் நீளத்துல ஒரு அளவுக்கு மேல சுருங்கவே முடியாது, அதனால மூட்டை விட்டுத் தள்ளி மணிக்கட்டு பக்கத்துல ஒட்டிருந்தா பலம் நிறைய இருக்கும், ஆனா கையை முழுசா மடக்கி வாய்க்கு சோத்தைக் கொண்டு போகவே முடியாது. மாங்கா மரத்துல கல்லெறியவும் முடியாது. தூண்டில் போடுறவர் கையைப் பாருங்க, பிடிக்கிற இடத்துல கை கொஞ்சம்தான் அசையும், நுனி எவ்வளவு பெரிய வட்டம் அடிக்குது.

எல்லா இடத்துலயும் இதே ஏற்பாடு கிடையாது. எக்கி நின்னு பரண் மேல டப்பா எடுக்குறோம்ல, அப்ப பாதம் பாக்குவெட்டி மாதிரி வேலை செய்யுது, விரல் பக்கம் தரையில ஊனி நிக்குது, நடுவுல உடம்போட எடை, கடைசில குதிகாலை கெண்டைக்கால் சதை மேல இழுக்குது, அதனாலதான் அவ்வளவு எடையை அலட்சியமா தூக்கிடுது. தலை வேற கதை, அது ஏத்தம். கழுத்தெலும்பு மேல தலை உக்காந்திருக்கு, எடை முன்பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி, பின்கழுத்து தசை எந்நேரமும் லேசா இழுத்துப் பிடிச்சிட்டே இருக்கு. பஸ்ஸுல தூங்குறவங்க தலை டப்புன்னு முன்னாடி விழுறது அதனாலதான், தூக்கம் வந்ததும் பின்னாடி பிடிச்சிருந்த ஆள் விட்டுட்டார். நாள் முழுக்க போனைப் பாத்து குனிஞ்சே இருந்தா பின்கழுத்து ஏன் வலிக்குதுன்னும் இதுலயே தெரிஞ்சுக்கலாம்.

விரல் விஷயம் உங்க பொண்ணுக்கு கண்டிப்பா பிடிக்கும். விரலை மடக்குற நீட்டுற தசை எதுவும் விரலுக்குள்ள கிடையாது. கொஞ்சம் சின்ன தசைங்க உள்ளங்கையில இருக்கு, பெரிய வேலை செய்யுறது எல்லாம் முழங்கைக்குக் கீழ இருக்கு. ஒரு கையால முன்கையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கை விரலை பியானோ வாசிக்கிற மாதிரி ஆட்டுங்க, உள்ள எலி ஓடுற மாதிரி சதை நெளியுறது தெரியும். அங்கிருந்து நீள நீளமா டெண்டன் கிளம்பி மணிக்கட்டைத் தாண்டி விரல் வரைக்கும் போகுது, கோழிக்கால் மாதிரியேதான். மணிக்கட்டுல உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகலான சந்து இருக்கு, அதுக்குள்ள ஒன்பது டெண்டனும் ஒரு நரம்பும் நெருக்கியடிச்சுப் போகுது, அங்க வீக்கம் வந்தா நரம்பு நசுங்கி கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மதமதன்னு ஆயிடும். யோசிச்சுப் பாருங்க, அத்தனை சதையும் விரல்லயே இருந்திருந்தா நம்ம விரல் ஒவ்வொண்ணும் வாழைக்காய் தடிமன் இருக்கும், ஊசில நூல் கோக்கிறது எங்க.

அப்படியே ஒரு சோதனை. உள்ளங்கையை டேபிள் மேல பரப்பி நடுவிரலை மட்டும் உள்ள மடக்கி வச்சுக்கோங்க. இப்ப மத்த விரலை ஒவ்வொண்ணா மேல தூக்குங்க. கட்டை விரல் வரும், ஆள்காட்டி வரும், சுண்டு விரல் வரும், மோதிர விரல் மட்டும் ஒட்ட வச்ச மாதிரி கிடக்கும். புறங்கையில இந்த விரல்களை நிமித்துற டெண்டன் எல்லாம் ஒரே தசையில இருந்து பிரிஞ்சு வருது, பக்கத்து டெண்டனோட குறுக்கு இழையால பின்னியும் இருக்கு, நடுவிரல் மடங்கி இழுத்துப் பிடிச்சா மோதிர விரலோட கயிறும் சேந்து மாட்டிக்குது. ஆள்காட்டிக்கும் சுண்டு விரலுக்கும் தனியா ஒரு தசை கூடுதலா இருக்கு, அதனால தப்பிச்சுக்குது.

சரி, சதை இழுக்குதுன்னா எதை வச்சு இழுக்குது? ஒரு தசையைப் பிரிச்சா கட்டு கட்டா இழை, ஒவ்வொரு இழையும் ஒரு செல், அதுக்குள்ள இன்னும் மெல்லிசா இழை, அதுக்குள்ள ஒரு மில்லிமீட்டருக்கு நானூறு வீதம் சின்னச் சின்ன அறை வரிசையா இருக்கு. ஒவ்வொரு அறையிலயும் ரெண்டு வகை நூல், மெல்லிசா இருக்கிறது ஆக்டின், தடியா இருக்கிறது மயோசின். தடி நூல்ல இருந்து குட்டி குட்டி கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். நரம்புல இருந்து சேதி வந்ததும் செல்லுக்குள்ள கால்சியம் கொட்டும், மெல்லிசு நூல்ல மூடியிருந்த பிடி எல்லாம் திறக்கும், இந்தக் கைங்க அதைப் பிடிச்சு ஒரு இழு இழுத்து விட்டுட்டு அடுத்த பிடியைப் பிடிக்கும், கிணத்துல வாளி இழுக்கும்போது கை மாத்தி மாத்தி பிடிக்கிறோமே அதே மாதிரி. எல்லாக் கையும் ஒரே நேரத்துல விட்டா வாளி கீழ போயிடும், அதனால சிலது பிடிச்சிருக்கும்போது சிலது விடும். நூல் எதுவும் சுருங்குறதில்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிப் போகுது, அறைதான் சின்னதாகுது. இதை 1954ல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சு ஒரே பத்திரிகைல ஒரே இதழ்ல வெளியிட்டாங்க. ஒரு குழுவுல ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேவும், இன்னொண்ணுல ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். ரெண்டு ஹக்ஸ்லியும் சொந்தக்காரங்க கிடையாது.

இதுல எனக்கு படிக்கும்போது தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒண்ணு. சதைக்கு எரிபொருள் ஏ.டி.பி.ன்னு ஒரு மூலக்கூறு. இழுக்கத்தானே சக்தி வேணும்னு நினைப்போம். ஆனா அந்தக் குட்டிக் கை பிடியை விடணும்னாலே புதுசா ஒரு ஏ.டி.பி. வந்து ஒட்டணும். அது வரலைன்னா பிடிச்ச பிடி பிடிச்சதுதான். இறந்தவங்க உடம்பு சில மணி நேரத்துல விறைச்சுப் போறது இதனாலதான், ஏ.டி.பி. தீந்து போச்சு, கோடிக்கணக்கான கை பிடிச்ச இடத்துலயே நிக்குது, விடுறதுக்கு ஆள் இல்ல. அதனாலதான் நம்ம ஊர்ல விறைக்கிறதுக்கு முன்னாடியே வாயைக் கட்டி, கால் கட்டை விரல் ரெண்டையும் சேத்துக் கட்டிடுவாங்க, வயசானவங்க அனுபவத்துல தெரிஞ்சு வச்சிருக்கிறது.

எவ்வளவு இழுக்கணும்ங்கிற கணக்கை நரம்பு பாத்துக்குது. ஒரு நரம்பு இழை சில தசை இழைகளை மொத்தமா கையில வச்சிருக்கும், கூப்பிட்டா அத்தனையும் வரும். கண்ணை அசைக்கிற தசையில ஒரு நரம்பு இழைக்கு சுமார் பத்து தசை இழைதான், கெண்டைக்கால்ல ஆயிரத்துக்கும் மேல. அதனால கண்ணு இந்த வரியில ஒரு எழுத்துல இருந்து அடுத்த எழுத்துக்கு நகர முடியுது, கெண்டைக்காலால அந்த நுணுக்கம் வராது, ஆனா உங்களை மொத்தமா தூக்கி நிறுத்தும்.

அடுத்தது பிரேக். இதை யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல. தசை சுருங்கினா அசைவு வரும்னு படிக்கிறோம், ஆனா பாதி நேரம் தசை நீளும்போதுதான் வேலை செய்யுது. நிறைஞ்ச குடத்தை மெதுவா கீழ இறக்கி வைக்கிறீங்க, கை நீளுது, ட்ரைசெப்ஸா வேலை செய்யுது? இல்ல, பைசெப்ஸ்தான் கொஞ்சம் கொஞ்சமா கயிறு விட்டுக் குடுக்குது. மாடிப்படி இறங்கும்போது தொடையோட முன்சதை ஒவ்வொரு படியிலயும் உடம்பைப் பிடிச்சுப் பிடிச்சு இறக்குது. சதுரகிரி, பர்வதமலை மாதிரி மலை ஏறினவங்களுக்குத் தெரியும், ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா தொடை அடுத்த நாள், அதுக்கு மறு நாள் உக்கார எந்திரிக்க முடியாம வலிக்கிறது இறங்கினதால. இழுபட்டுக்கிட்டே வேலை செய்யும்போது தசை இழைங்கள்ல நுண்ணிய கிழிசல் விழுது, உடம்பு அதை சரி பண்ணும்போதுதான் வலி. "லாக்டிக் ஆசிட் சேந்துடுச்சு"ன்னு ஜிம்ல சொல்லுவாங்க, அது ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்துல இருந்து போயிடும், ரெண்டாம் நாள் வலிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

மூட்டுச் சில்லைப் பத்தி ரெண்டு வரி. முழங்கால் முன்னாடி வட்டமா இருக்கே, அது தொடை டெண்டனுக்குள்ளயே பொதிஞ்சிருக்கிற எலும்பு, கிணத்து ராட்டினம் மாதிரி அந்தக் கயிறை மூட்டுல இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்குது, அந்தக் கொஞ்ச தூரத்தாலதான் காலை நீட்ட பலம் கிடைக்குது. பிறந்த குழந்தைக்கு அது எலும்பாவே இருக்காது, குருத்தெலும்புதான், மூணுல இருந்து ஆறு வயசுக்குள்ள எலும்பா மாறும்.

இடுப்பை கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இதைத் தெரிஞ்சுக்காததால நிறைய பெரியவங்க வலியோட நடக்குறாங்க. ஒரு காலைத் தூக்கி ஒத்தைக் கால்ல நில்லுங்க. தூக்கின பக்கம் இடுப்பு ஏன் கீழ சரியல? நிக்கிற கால் பக்கத்துல இடுப்பு எலும்புக்கு வெளிப்பக்கமா ஒரு தசை இருக்கு, அது இழுத்துப் பிடிச்சிருக்கு. கணக்கு இப்படி வரும்: அறுபது கிலோ ஆள், நிக்கிற கால் போக மிச்ச உடம்பு சுமார் ஐம்பது கிலோ, அந்த எடை மூட்டுல இருந்து உள்பக்கமா பத்து சென்டிமீட்டர் தள்ளி இறங்குது, தசை பிடிக்கிறது வெளிப்பக்கம் அஞ்சு சென்டிமீட்டர்ல. அப்ப தசை நூறு கிலோ இழுக்கணும், மூட்டு மேல நூத்தைம்பது கிலோ. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் ஒரு நொடி நாம ஒத்தைக் கால்லதான் நிக்கிறோம், அதனால ஒவ்வொரு எட்டுலயும் இடுப்பு மூட்டு உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கு வாங்குது.

போன மழைக்காலத்துல ஒரு ஆச்சி வந்தாங்க, வலது இடுப்பு தேய்மானம், வலது கையிலயே கம்பு ஊனி அந்தப் பக்கமே சாஞ்சு சாஞ்சு நடந்து வந்தாங்க. வலிக்கிற பக்கம் கம்பு பிடிக்கிறதுதானே சரின்னு எல்லாரும் நினைக்கிறது. நான் கம்பை வாங்கி இடது கையில குடுத்தேன். "எய்யா, நல்ல காலுக்கா கம்பு?"ன்னாங்க. நடந்து பாருங்க ஆச்சின்னேன். நாலு எட்டு வச்சு நின்னுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாங்க, அந்தப் பார்வைக்காகத்தான் இந்த வேலை பாக்குறேன். காரணம் வேற ஒண்ணுமில்ல, எதிர்க்கை கம்பு மூட்டுல இருந்து நாப்பது நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் தள்ளி இருக்கு, அவ்வளவு தூரத்துல அஞ்சு கிலோ ஊனினாலே கணக்குப்படி அந்த இடுப்பு தசையோட சுமை கிட்டத்தட்ட பாதி குறையும், தசை குறைச்சு இழுத்தா மூட்டு மேல அழுத்தமும் குறையும். வீட்ல இடுப்பு வலியோ முழங்கால் வலியோ இருக்கிற பெரியவங்க இருந்தா தயவு செஞ்சு கம்பு எந்தக் கையில இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. வலிக்கிற காலுக்கு எதிர்க்கை. வலிக்கிற காலும் கம்பும் ஒண்ணா முன்னாடி போகணும்.

எலும்பு சும்மா கட்டை மாதிரி நின்னு இழுபடுதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அது உயிருள்ள பொருள், தன்னை இழுக்கிற இழுப்புக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கிட்டே இருக்கும். ஜெர்மன் சர்ஜன் வோல்ஃப் 1892லயே இதை எழுதிட்டார். டென்னிஸ் ஆடுறவங்களுக்கு மட்டையைப் பிடிக்கிற கை எலும்பு இன்னொரு கை எலும்பை விட தடியா இருக்கும். விண்வெளி நிலையத்துல மாசக்கணக்கா மிதக்குறவங்களுக்கு நிக்கிறது நடக்கிறது எதுவும் இல்லாததால இடுப்பு எலும்பு மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல கரையுது, தினமும் ரெண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி பண்ண வைக்கிறாங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டுப் பிரிச்ச கையைப் பாருங்க, குச்சி மாதிரி இருக்கும், சதையும் போயிருக்கும், எலும்பும் கொஞ்சம் பலம் இழந்திருக்கும்.

கடைசியா, விடுறதைப் பத்தி. ராத்திரி கெண்டைக்கால்ல கொரக்களி பிடிச்சா உயிர் போற மாதிரி இருக்கும்ல, சதை இறுகிடுச்சு, அது தானா நீளாது, தசைக்கு தன்னைத்தானே நீட்டிக்கத் தெரியாது, எதிர்ப்பக்கம் யாராவது இழுக்கணும். அதனால காலை நீட்டி பாதத்தை உங்க முகத்தைப் பாத்து மேல இழுத்துப் பிடிங்க. சாதாரண நேரத்துல இந்த வேலையை நரம்பு மண்டலம் நமக்குத் தெரியாமலே செய்யுது, பைசெப்ஸை இழுன்னு சொல்ற அதே நேரத்துல ட்ரைசெப்ஸுக்கு "நீ விடு"ன்னும் ஒரு சேதி போகுது. இதை ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சவர் இங்கிலாந்துக்காரர் ஷெரிங்டன், நரம்பு செல்கள் பத்தின வேலைக்காக 1932ல நோபல் வாங்கினவர். டேபிள் சோதனைல பின்பக்கம் தொளதொளன்னு இருந்துச்சே, அது சும்மா இருந்ததில்ல, விடச் சொல்லி விட்டிருக்கு.

அந்தச் சேதி போகலைன்னா என்ன ஆகும்னு நான் தினமும் பாக்குறேன். பக்கவாதம் வந்தவங்களுக்கு சில வாரத்துல கை மடங்கி, மணிக்கட்டு வளைஞ்சு, விரல் இறுகி மூடிக்கும். பலம் இல்லாம தொங்குற கையை விட இது கஷ்டம். மூளையில இருந்து அடக்கி வைக்கிற கட்டளை வர்றதில்ல, மடக்குற தசை விடாம இழுத்துட்டே இருக்கு. வீட்ல இருக்கிறவங்க கை கழுவி விடணுமேன்னு ஒவ்வொரு விரலா பிடிச்சு பலமா பிரிப்பாங்க, அவர் வலில துடிப்பார், விரல் இன்னும் இறுகும். அப்படிப் பிரிக்காதீங்க. கோழிக்காலை நினைச்சுக்கோங்க, விரலை மடக்குற கயிறு மணிக்கட்டைத் தாண்டித்தான் போகுது. அதனால முதல்ல மணிக்கட்டை மெதுவா உள்பக்கமா, உள்ளங்கை பக்கமா இன்னும் கொஞ்சம் மடக்குங்க. கயிறு தளரும், விரல் தானா இளகும். உங்க கையிலயே பாருங்க, முஷ்டியை மூடிக்கிட்டு மணிக்கட்டை நல்லா உள்ள மடக்கினா பிடி நழுவும். விரல் இளகினதும் உள்ளங்கையில உங்க கட்டை விரலை நுழைச்சு, நிதானமா விரலை நீட்டி, அப்புறம்தான் மணிக்கட்டை நிமித்தணும், அவசரமே படக்கூடாது.

இதை ஒரு அம்மாவுக்கு சொல்லிக் குடுத்தேன், அவங்க வீட்டுக்காரருக்கு வாதம் வந்து நாலு மாசம். மறு வாரம் வந்து "இப்ப எல்லாம் அவருக்கு நகம் வெட்டி விட முடியுது சார்"ன்னாங்க. அவர் கையைத் திறந்து காட்டுனாங்க, உள்ளங்கையில நகம் பதிஞ்ச நாலு தழும்பு ஆறிட்டு வந்துச்சு.